பிரஷோவில் எங்கட ஆள்

நோர்பரியில் எனக்கு முடிவெட்டுபவர் நரைத்த தலையை அப்படியே விட்டுவிட்டு மீசைக்கு மட்டும் கறுப்புச் சாயம் பூசுவார். கேள்வி கேட்டால், பதில் வரும்வரை கத்தரிக்கோலை என் காதருகே தூக்கிப் பிடித்தபடி நிற்பார்.

ருமேனியாவில் பிரஷோவ் என்ற பழைய நகரத்துக்கு இரண்டு நாள் தனியாகப் போகப்போவதாக அவரிடம் உளறிவிட்டேன். கத்தரிக்கோல் நின்றது.

"அங்க எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை அண்ணை. கோட்டை மதில் பாக்கப் போறன்."

"மதில் பாக்கவோ?"

எனக்கு ஏதோ நோய் கண்டுவிட்டதுபோல் பார்த்தார். பாரிஸ், டொராண்டோ என்று அவர் போன ஊர்களிலெல்லாம் சொந்தக்காரர் வீட்டு சோபாவைத்தான் பார்த்திருக்கிறார். பாதி வெட்டிய தலையோடு என்னை இருத்திவிட்டு நாலைந்து பேருக்குப் போன் அடித்தார். கடைசி ஆளிடம், "ஓம், என்ர சொந்தத் தம்பிதான் வாறான்" என்றார். விலாசமும் ஒரு கிலோ கறித்தூளும் தந்து அனுப்பினார்.

அந்த விலாசத்தில் இருந்தவர் ஒரு கட்டடத் தொழிலாளி. இரண்டு நாளும் புட்டும் மீன்குழம்புமாகப் போட்டு, என்னை வெளியே விடவேயில்லை. மதிலை அவர் வீட்டு யன்னலால் பார்த்தேன்.

புறப்படும்போது, "உங்கட அண்ணை சுகமா இருக்கிறாரே?" என்று கேட்டார்.

"அவர் எனக்குத் தலைமயிர் வெட்டுறவர். உங்களுக்கு என்ன முறை?"

"எனக்கு அவரை ஆரெண்டே தெரியாது!"

அடுத்த மாதம் கத்தரிக்கோல் மறுபடி என் காதருகே நின்றது.

"மதில் எப்பிடி?"

"புட்டு நல்லா இருந்தது அண்ணை."

கத்தரிக்கோல் ஓடத் தொடங்கியது.