சாமத்தியவீட்டில் ஒரு கொரியாக்காரி

ஃப்ரேனி கெர்பருக்குக் கொரிய மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. தமிழில் ஒன்று தெரியும்: போதும். சுவிஸின் பீல் நகரில், மணிக்கூட்டுத் தொழிற்சாலையில், பதினொரு வருடம் பக்கத்து மேசையில் இருந்த தில்லைநாயகி கற்றுக்கொடுத்தது. மத்தியானத்தில் தில்லைநாயகி வடையை நீட்டிக்கொண்டே இருப்பார். ஜெர்மனில் வேண்டாம் என்றால் மரியாதைக்குச் சொல்வதாக எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு வைப்பார். அந்த ஆபத்திலிருந்து தப்பத்தான் அந்தச் சொல்.

முகத்தைப் பார்த்தால் கொரியா, வாயைத் திறந்தால் எமெந்தால் கிராமத்து ஜெர்மன். கொரியர்கள் உலகெங்கும் சிதறிய கதை நீளமானது. ஹவாய்க் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் போனார்கள். மத்திய ஆசியாவுக்கு ரயிலில் அள்ளிப்போய்க் கொட்டப்பட்டார்கள். ஜெர்மனியில் நிலக்கரி தோண்டினார்கள், நோயாளிகளைக் கழுவினார்கள். அவர்களுக்குக் குறைந்தபட்சம் தாங்கள் ஊரைவிட்டுப் போகிறோம் என்பதாவது தெரியும். ஃப்ரேனி எழுபதுகளின் நடுவில், பல் முளைக்கும் வயதில், தத்துப்பிள்ளையாக விமானத்தில் வந்து இறங்கினார். பாலாடைக்கட்டி செய்யும் கெர்பர் குடும்பம் அவரை ஏற்றுக்கொண்டது.

கெர்பர் தம்பதி நல்லவர்கள். ஊர்தான் அப்படியில்லை. யேசு பிறந்த கதையைப் போடும் பள்ளிக்கூட நத்தார் நாடகத்தில் வருடாவருடம் அவருக்கு ஒரே வேடம்: கிழக்கிலிருந்து வந்த ராசா. முகப்பூச்சுச் செலவு மிச்சம் என்று ஆசிரியர் சிரிப்பாராம். ஒருமுறை சீனக் கூம்புத் தொப்பி போட்டுத் திருவிழா ஊர்வல வண்டியிலும் ஏற்றினார்கள். இறங்கியதும், இனி யாருக்கும் காட்சிப்பொருளாக நிற்பதில்லை என்று முடிவெடுத்தார். நாற்பது வயதில் சியோலுக்குப் போனார். வாடகைக்கார்ச் சாரதி ஏதோ கேட்டார். பதில் வராததால் திமிர் பிடித்தவள் என்று நினைத்து வழிமுழுக்க வைதார். என்ன வைதார் என்றுகூட ஃப்ரேனிக்கு விளங்கவில்லை. பிறகு வளர்த்தவர்கள் இறந்தார்கள். கட்டியவர் விட்டுப் போனார்.

அப்போதுதான் தில்லைநாயகியின் மகள் ஹரிஷா வயதுக்கு வந்து பெரியபிள்ளையானாள். சாமத்தியவீட்டில் நீ மாமி முறையில் நின்று ஆராத்தி எடு என்று தில்லைநாயகி கேட்டார். விளக்குத் தட்டைப் பிள்ளைக்கு முன்னால் சுற்ற வேண்டும். குடும்பத்துப் பெண்கள் மட்டும் செய்வது என்றும் சொல்லிவைத்தார். ஐம்பது வயதில் ஃப்ரேனிக்கு ஒரு குடும்பத்தில் இடம் கிடைத்தது. தமிழ்க்கடைகள் உள்ள ஓர்லிகோனுக்குப் போய் நீலச் சேலை வாங்கினார். வீட்டில் பீட்சாத் தட்டில் மெழுகுதிரி ஏற்றிச் சுற்றிப் பழகியதில் குசினித் திரைச்சீலை ஓரம் கருகியது.

ஹரிஷா கொரியப் பாட்டுக் கேட்பவள், அறையில் நாலு படம் ஒட்டியிருப்பவள், அவ்வளவே. ஆனால் ரெனான் என்ற ஊரில் யாரோ தங்கள் மகளைக் குதிரை வண்டியில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். அதை வெல்லாமல் தகப்பன் உருத்திரமூர்த்திக்கு நித்திரை வரவில்லை. எனவே மண்டப மேடையில் ரெஜிபோம் நுரைப்பலகையில் வெட்டிய கொரிய அரண்மனை எழுந்தது. அதைச் சுற்றி யப்பான் செர்ரிப்பூ, சீனத்துச் சிவப்பு விளக்கு, இரண்டு பாண்டா. நடுவில் பிள்ளையார், எதுவும் பேசமுடியாமல்.

"அப்பா, பாண்டா சைனாவெல்லோ" என்றாள் ஹரிஷா.

"எல்லாம் ஒரு பக்கம்தான். நீ சிரி."

ஃப்ரேனி நீலச் சேலையில் வந்து நின்றார். உருத்திரமூர்த்தி முகத்தைச் சுளித்தார். "இவ ஏன் சீலையோட? சீலை கட்டின சனம் இஞ்சை முன்னூறு பேர் நிக்குது."

தில்லைநாயகி தோழியை உள்ளறைக்குக் கூட்டிப்போய், வாடகைக்கு எடுத்த ரோசா நிறக் கொரிய அங்கியை நீட்டினார். வீடியோவுக்கு மட்டும்தான், பிறகு சேலையைக் கட்டிக்கொண்டு ஆராத்தி எடுக்கலாம் என்று கையைப் பிடித்துக் கெஞ்சினார். ஊர்வல வண்டிக் கதை தில்லைநாயகிக்குத் தெரியும். தெரிந்துதான் கெஞ்சினார்.

ஃப்ரேனி உடுத்தினார். கையில் காகிதக் குடை கொடுத்தார்கள். ஹரிஷாவைத் தூக்கிவந்த பல்லக்குக்கு முன்னால் குனிந்து குனிந்து நடந்தார். புகை போதாது என்று வீடியோக்கார நிருசன் திருப்பித் திருப்பி நடக்கவைத்தார். தம்படம் எடுக்க வந்தவர்கள் கண்ணை இழுத்துக் காட்டினார்கள். ஒருவர் கராத்தே அடிப்பது போலக் கையை ஓங்கி நின்றார். அகதியாக வந்து இறங்கிய காலத்தில் இந்த நாட்டில் தன் தோலைத் தொட்டுப் பார்த்தார்கள் என்று மேடைக்கு மேடை குமுறுகிறவர் அவர். இதற்குப் பிறகும் அங்கே புரியாணி தொண்டைக்குள் இறங்கியது என்பதுதான் ஆச்சரியம்.

நடந்து முடிந்ததும் ஃப்ரேனி உள்ளறைக்கு ஓடினார். ஊசி குத்திவிட ஆளில்லை. சேலையைத் தானே சுற்றிக்கொண்டு வந்தார். மேடையில் அவர் சுற்றவேண்டிய விளக்குத் தட்டை உருத்திரமூர்த்தியின் முதலாளியம்மா சுற்றிக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரப் பெண்மணி, அன்றுதான் ஹரிஷாவை முதன்முதலாகப் பார்க்கிறார். குடும்பத்துப் பெண்கள் மட்டும் என்ற சட்டம் சம்பளம் கொடுக்கிற குடும்பத்துக்கும் செல்லுமாம். அதுதான் கடைசி ஆராத்தி.

மேடைப் படியில் நின்ற ஃப்ரேனியை உருத்திரமூர்த்தி கண்டார். "உவ ஏன் உடுப்பைக் கழட்டினவ? கேக் வெட்டேக்கையும் வேணுமெல்லோ. திருப்பிப் போடச் சொல்லு."

தில்லைநாயகி இறங்கிவந்து அதை ஜெர்மனில் சொன்னார். நல்ல ஜெர்மனில், தயவுசெய்து எல்லாம் சேர்த்து.

"போதும்" என்றார் ஃப்ரேனி.

அரைகுறையாய்ச் சுற்றிய சேலையோடு அவர் பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தார். ஃப்ரேனி அன்ரி எங்கே போகிறா என்று ஹரிஷா மேடையிலிருந்து கேட்டாள். கமராவைப் பார்க்கச் சொன்னார்கள்.

திங்கட்கிழமை தொழிற்சாலையில் ஃப்ரேனி தானாகக் கேட்டு மேசை மாறினார். இப்போது யன்னலோரம், போர்த்துக்கல் பெண்களுக்கு நடுவில் இருந்து மணிக்கூட்டுக்கு முள் பொருத்துகிறார். தில்லைநாயகி வடைப் பெட்டியைத் திறந்தபடி போய் நின்றார். ஃப்ரேனி குறட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அன்றிலிருந்து தில்லைநாயகி காண்கிறவர்களிடமெல்லாம் நியாயம் கேட்கிறார். "நாங்கள் அவவுக்கு என்ன குறை வைச்சனாங்கள்? சாமத்தியப் பட அல்பத்திலை முதல் பக்கமே அவதான்."

முதல் பக்கந்தான். ரோசா அங்கி, காகிதக் குடை, குனிந்த தலை. கீழே பொன்னெழுத்தில், 'கொரியாவிலிருந்து வருகை தந்த சிறப்பு விருந்தினர்.' அவர் நகர பஸ்ஸில் வந்தவர். பெயர் போட இடமில்லையாம். இரண்டு பாண்டாவுக்கும் இடமிருந்தது.