அண்ணை அழுத இடம்

மண்டபத்திலிருந்து ஹொல்ஸ்டெப்ரோ ரயில் நிலையத்துக்கு இருபது நிமிட நடை. பாதி தூரம் வந்துவிட்டேன், கோபம் இன்னும் ஆறவில்லை. எனக்குப் பின்னால் அண்ணையின் அறுபதாவது பிறந்தநாள் நடந்துகொண்டிருக்கிறது. அவருடைய மகன் மைக்கைப் பிடித்து டேனிஷில் பேசினான். அப்பா அதிகம் கதைக்காத மனிதராம். ஹாண்ட்போல்தான் அவருடைய மனத்தைத் திறந்ததாம். ஆட்டம் பார்க்கப் போய்த்தான் அவர் கட்டிப்பிடிக்கவும் அழவும் பழகினாராம். எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணை கண்ணைத் துடைத்தார். நான் பாதி கடித்த ரோல்ஸைத் தட்டிலேயே வைத்துவிட்டு ஜக்கெட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

இப்படிச் சொல்லாமல் எழும்பி வரலாமா என்று கேட்பீர்கள். நான் எழும்பி வராத இடம் குறைவு. எட்டாம் வகுப்பிலிருந்தே எழும்பி வந்தவன்தான்.

மழை தூறுகிறது. எதிரே மூன்று டேனிஷ்காரர் கழுத்தில் பச்சைச் சால்வையைச் சுற்றிக்கொண்டு ஆட்டத்துக்குப் போகிறார்கள். நனைந்த கம்பளியும் பியரும் கலந்த மணம் என்னைக் கடந்து போகிறது. நானும் அண்ணையும் ஒரே அறையில் இருந்த காலத்தில் அந்த மணம் அண்ணையின் பச்சைச் சால்வையோடு கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. எவ்வளவு கறி சமைத்தாலும் அதை மீறி வரும்.

நாங்கள் இருவரும் பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தோம். கை விறைக்கும் குளிர். கத்தி தீட்டுகிற சத்தத்தைத் தவிர வேறு பேச்சு கிடையாது. அண்ணைக்குப் பக்கத்தில் நின்று வெட்டியவர் ஹென்னிங். பெரிய உருவம், சிவந்த காது. நான் சேர்ந்து ஆறு மாதம் கழித்து ஒரு நாள் என்னைப் பார்த்து ‘மழை’ என்றார். அவர் வாயைத் திறந்ததே ஒரு செய்தியாக அன்று கன்டீனில் பரவியது. அண்ணையும் அப்படித்தான். இருவரும் வருடக் கணக்காக ஒன்றும் கதைக்காமல் மிக நல்ல நண்பர்களாக இருந்தார்கள். அவர்தான் அண்ணையை முதலில் ஆட்டத்துக்குக் கூட்டிப் போனவர். கையால் எறிந்து கோல் போடுகிற ஆட்டம், டென்மார்க்கின் மேற்கு யூட்லாண்டில் அதுதான் கோயில். அதன்பின் ஞாயிறு மூன்று மணி என்றால் அண்ணை வீட்டில் இல்லை.

அம்மா செத்த செய்தி ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. தொலைபேசியை அண்ணைதான் எடுத்தார். ‘ஓம்,’ என்றார். பிறகு, ‘ஓம், ஓம்.’ வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

‘அம்மா போட்டா,’ என்றார். ‘தேத்தண்ணி போடட்டோ?’

அவ்வளவுதான். ஊருக்குப் போக வழியில்லை, சண்டையால் பாதை பூட்டியிருந்தது. இரண்டு நாள் அந்த அறையில் இருந்தோம். சாவுத் துடக்கு வீடு என்று எங்கள் அடுப்பை மூட்டவில்லை. மேல்மாடியிலிருந்த இராசன் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுவந்து வைத்தான். அண்ணை சாப்பிட்டார், கோப்பையைக் கழுவினார், சுவரைப் பார்த்துப் படுத்தார். நான் அவர் திரும்புவார் என்று காத்திருந்தேன். வேறொன்றும் எனக்குத் தேவைப்படவில்லை. ஒருமுறை திரும்பி ‘தம்பி’ என்றால் போதும், நான் வாய்விட்டு அழுதிருப்பேன். சின்னவன் முதலில் அழக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் காத்திருந்தேன்.

ஞாயிறு குளித்துவிட்டு வந்தபோது கதவுக்குப் பின்னால் சால்வையைக் காணவில்லை. இராசன் வெறுஞ்சட்டியை எடுக்க வந்து நின்றான்.

‘உன்ர கொண்ணர் பச்சைச் சால்வையோட போறார், பாத்தனான். இது செத்த வீடோ, பெருநாளோ?’

துடக்கோடு கோயில் வாசலைக்கூட மிதிக்க மாட்டார் அண்ணை. இப்போது மேளம் அடிக்கிற இடத்துக்குப் போயிருக்கிறார். ஈரத் தலையோடு ஆட்ட அரங்குக்கு நடந்தேன். அவரைக் கையைப் பிடித்து இழுத்து வருவதுதான் எண்ணம். டிக்கெட் கேட்ட பெண்ணிடம், ‘என் அண்ணன் உள்ளே, எங்கள் அம்மா செத்துவிட்டார்,’ என்றேன். அவள் விலகி நின்றாள். அந்த ஊரில் அம்மாவுக்காக முதலில் முகம் மாறியவள் அவள்தான்.

அண்ணை ஆறாவது வரிசையில் நின்றுகொண்டிருந்தார். நடுவரைப் பார்த்து முழுத் தமிழில் கத்தினார். ‘கண் பொட்டையோடா உனக்கு? தள்ளினவனை விட்டிட்டு விழுந்தவனைப் பிடிக்கிறியோ!’ சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள், அவர் சொல்வது அவர்களுக்கு விளங்கியதுபோல. கடைசி நிமிடத்தில் எதிரணி ஒரு கோல் போட்டது. தோற்றுப் போனோம். அண்ணை அப்படியே ஹென்னிங்கின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதார். உடம்பு குலுங்கிய அழுகை. ஹென்னிங்கும் அழுதார். அந்த வரிசையில் பாதிப் பேர் அழுதார்கள். கத்தியோடு நாள் முழுக்க மௌனமாக நிற்கிற ஆட்கள் ஒருவர் முதுகை ஒருவர் தடவிக்கொண்டு நின்றார்கள்.

அண்ணை யாருக்காக அழுகிறார் என்று எனக்குத் தெரியாதென்று நினைக்காதீர்கள். தெரிந்துதான் கோபம் வந்தது. எங்கள் அம்மாவுக்கான அழுகையைக் கொண்டுபோய், அவள் பெயரைக்கூடக் கேட்டிராத ஒருவரின் தோளில் இறக்கிவிட்டார்.

நான் படியிறங்கிப் போய் அவர் கையைப் பிடித்தேன். ‘அம்மா அங்க எரிஞ்சு முடியேல்லை, நீ பந்துக்கு அழுறியோ?’

வாழ்நாளில் முதன்முறையாக அவரை ‘நீ’ என்றேன். அண்ணை நிமிர்ந்தார். மூக்கு ஒழுகியது, துடைக்கவில்லை.

‘வீட்டில அழுதா நீ பாத்துக்கொண்டிருப்பாய்,’ என்றார்.

‘பாத்தா என்ன?’

‘பிறகு உன்னை ஆரடா பாக்கிறது?’

ஹென்னிங் என் தோளிலும் ஒரு கையை வைத்தார். தட்டிவிட்டேன். அண்ணை என்னை வரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. திரும்பவும் அந்தப் பெரிய தோளுக்கே போனார்.

அறைக்குப் போய் இரண்டு சட்டையும் கடவுச்சீட்டும் எடுத்துக்கொண்டு இதே தெருவால் இறங்கி ரயில் ஏறினேன். ஒடென்சேயில் தெரிந்த ஒருவனின் சோபாவில் படுத்தேன். அதன்பின் அண்ணையும் நானும் கதைத்தோம், கல்யாணம், வீடு, பிள்ளைகள் என்று. அந்த ஞாயிறைப் பற்றி ஒரு சொல் கிடையாது. இப்போது அவர் எதற்கும் அழுகிறார், சீரியலுக்கும் மகனின் பேச்சுக்கும். எனக்காக அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்த மனிதர் எங்கேயும் இல்லை. ஹென்னிங் இறந்துவிட்டார். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஒடென்சேயில் நான் ரயிலேறிய அடுத்த நாள் காலை வேலை கேட்டுப் போய் நின்ற இடத்திலும் இன்று லொறிகள்தான் நிற்கின்றன.

அன்று அது பூச்செடி வளர்க்கிற கண்ணாடிக் கூடம். வாசலில் நின்றவர் கையுறையை நீட்டி, ‘இப்பவே தொடங்க முடியுமா?’ என்று மட்டும் கேட்டார். ஓடும் பட்டியில் வருகிற சட்டி ஒவ்வொன்றிலும் ஒரு நாற்றைக் குத்த வேண்டும். இரண்டு பக்கமும் எனக்குத் தெரியாத மனிதர்கள், தங்கள் சட்டிகளைப் பார்த்தபடி. கோப்பி இடைவேளை மணி அடிப்பதற்குள் நான் அழுது முடித்துவிட்டேன்.