தலை முழுகாதவள்

என் மகள் தான் விரும்பியவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். "அவ செத்துட்டா, எல்லாரும் தலை முழுகுங்க" என்றார் என் வீட்டுக்காரர். நாத்தனார் தலைக்குத் தேய்க்கும் அரப்புப் பொடியைக் குழைத்து நீட்டினாள். அந்தப் பச்சை வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு ஒன்பது வயதாகிவிட்டது.

அன்னூரில் எங்கள் தோட்டத்து வீடு. அக்கா, லேத் பட்டறையில் வேலை பார்த்தவனோடு போய்விட்டாள். அப்பா மோட்டாரைப் போட்டு, தொட்டியருகே நிறுத்தி எங்கள் தலையில் அரப்பை அப்பினார். அம்மா மட்டும் குளியலறைக்குள் போய், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். மடியில் சாய்ந்தேன். துண்டுக்குள்ளிருந்து தேங்காய் எண்ணெய்தான் மணத்தது.

"அம்மா, நீ தலைக்கு ஊத்தலியா?"

"சத்தம் போடாத கண்ணு. உசுரோட இருக்கறவளுக்கு எப்படித் தலை முழுகறது சாமி?"

மூன்றாம் மாதம் அக்கா புருஷனோடு வந்து கேட்டுக்கு வெளியே நின்றாள். அப்பா திறக்கவில்லை. ஜன்னலோரம் நின்று அழுத அம்மா, கடைசிவரை தாழ்ப்பாளைத் தொடவில்லை. மறுநாள் அக்காவும் அவள் புருஷனும் சேர்ந்தே உயிரை விட்டார்கள். ஒளித்து வைத்த பாசம் யாரைக் காப்பாற்றியது?

"ஏன் நிக்கற? ஊத்து" என்றார் வீட்டுக்காரர்.

அரப்புக் கிண்ணத்தைச் சாக்கடையில் கவிழ்த்தேன். கேட்டை இரண்டு பக்கமும் விரியத் திறந்தேன். வாசலில் உட்கார்ந்து, சொந்தக்காரர்கள் பார்க்கப் பார்க்கத் தலை நிறைய எண்ணெய் தேய்த்தேன். பிறகு மகளுக்குப் போன் போட்டேன்.

"ரெண்டு பேரும் ஊட்டுக்கு வாங்க கண்ணு. கேட்டுல நான் உக்காந்திருக்கறேன்."