அத்தை சொன்ன முடிவு

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் எந்தப் படம் நல்ல படம், எது குப்பை என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் என் அத்தையிடம் இருந்தது. அவளுக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது. இருந்தாலும் நுவரெலியா தியேட்டருக்குப் புதுப் படம் வந்தால், பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, பஸ்ஸுக்கும் கலரி டிக்கெட்டுக்கும் கொடுத்து அவளைத்தான் அனுப்பிவைப்பார்கள். அவள் பார்த்துவிட்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முழுப் படத்தையும் சொல்லுவாள். சண்டை வரும் இடத்தில் கையை வீசுவாள், அழுகிற இடத்தில் நிஜமாகவே அழுவாள். அதைக் கேட்டபிறகுதான் நாமும் போகலாமா வேண்டாமா என்று ஒவ்வொரு வீடும் யோசிக்கும். அவள் உதட்டைப் பிதுக்கிவிட்டால் அந்தப் படத்துக்கு எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு ஈ காக்கைகூடப் போகாது.

அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. புருஷன் செத்தபிறகு எங்கள் ஒற்றை அறைக் காம்பராவிலேயே எங்களோடு இருந்தாள். பிள்ளை கிடையாது. அதனால் எனக்கு இரண்டு அம்மா என்று லயத்தில் கேலி செய்வார்கள். கொழுந்து எடுத்துவிட்டு வந்ததும் என் தலையை மடியில் போட்டுப் பேன் பார்ப்பது அத்தைதான். எனக்கு அப்போது பத்து வயது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு. எழுத்துக்கூட்டாமல் பேப்பர் படிப்பேன் என்கிற கர்வம் கொஞ்சம் தலைக்கேறியிருந்தது.

அந்த வருஷம் வந்தது ஒரு பணயக் கைதிப் படம். கொள்ளைக்காரர்கள் மலைப்பாதையில் ஒரு பஸ்ஸை மறித்து, அதிலிருந்த சனத்தையெல்லாம் பாழடைந்த பங்களாவில் அடைத்துவைக்கிறார்கள். ஜெயிலில் இருக்கும் தங்கள் தலைவனை விட்டால்தான் இவர்களை விடுவோம் என்கிறார்கள். இவ்வளவும் கந்தப்பளைக் கடைவீதியில் ஒட்டியிருந்த நோட்டீஸிலேயே தெரிந்துவிட்டது. லயமே துடித்தது. அத்தை காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டில் பல்வலி என்று சொல்லி வெள்ளிக்கிழமை லீவு கேட்டாள். இந்தத் தடவை புள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போறேன் என்று அவள் சொன்னபோது, எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அதுவரை நான் தியேட்டருக்குள் போனதே கிடையாது.

ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அத்தை தியேட்டர் பக்கம் திரும்பவே இல்லை. நேரே அரசாங்கக் கச்சேரிக்குப் போனாள். இலங்கை, இந்தியா இரண்டு நாட்டு அரசாங்கங்களும் எங்கள் தோட்டத்துச் சனத்தில் யார் யாருக்கு என்று பேசிக்கொண்டிருந்த காலம் அது. இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கேட்டு அப்பாவும் அத்தையும் தனித்தனியே மனுப் போட்டிருந்தார்கள். அப்பாவுடையதை ஏற்றுக்கொண்டு சர்ட்டிபிகேட்டும் கொடுத்துவிட்டார்கள். அத்தை கல்யாணம் கட்டிய புதிதில் இந்தியாவுக்குப் போய், அங்கே புருஷன் காய்ச்சலில் படுத்துவிட்டதால் ஒன்றே கால் வருஷம் தங்கிவிட்டாள். ஒரு வருஷத்துக்கு மேல் இந்த நாட்டை விட்டுப் போயிருந்தாயே என்று அதைப் பிடித்துக்கொண்டு இழுத்தடித்தார்கள். இனி ஆபீஸ் ஆபீஸாக அலைந்து வீணாய்ப் போகாதே, வருவது வரட்டும் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இதெல்லாம் பிற்பாடு எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு மரப் பெஞ்சும், மூடி மூடித் திறந்த ஒரு கதவும்தான்.

மத்தியானம் தாண்டி அத்தை ஒரு காகிதத்தோடு வெளியே வந்தாள். வாசலில் மனு எழுதுகிறவர்களில் ஒருவரிடம் கலரிக் காசைக் கொடுத்து ஏதோ கேட்டாள். அவர் அவள் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துவிட்டு, காசைத் திருப்பிக் கொடுக்காமல், இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். அத்தை அதை என்னிடம் நீட்டி, இதில் என்ன போட்டிருக்கு என்று கேட்டாள். அது இங்கிலீசு. எனக்குப் படிக்க வராது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பிறகு ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்காரவைத்து, அங்கே கிடந்த பேப்பரில் படத்தைப் பற்றி ஏதாவது இருக்கிறதா பார் என்றாள். இருந்தது. கடையிலிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி உரக்கப் படித்தேன். சண்டைக் காட்சிகள் பிரமாதம் என்று எழுதியிருந்தார் விமர்சகர். ஆனால் அடைபட்டுக் கிடப்பவர்கள் ஒன்றுமே செய்யாமல் மரப்பாச்சிகளாக உட்கார்ந்திருக்கிறார்கள், ரசிகர்களின் பொறுமை சோதிக்கப்படுகிறது, முடிவை வெள்ளித்திரையில் காண்க என்று முடித்திருந்தார்.

"வேற என்ன செய்வாங்களாம்?" என்றாள் அத்தை.

அது விமர்சனம், அப்படித்தான் எழுதுவார்கள் என்று நான் பெரிய மனுஷியாக விளக்கினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். அப்புறம் தியேட்டர் வாசலுக்குப் போய், கண்ணாடிக்குள் ஒட்டியிருந்த போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். உள்ளே படம் ஓடிக்கொண்டிருந்தது. துப்பாக்கி வெடிக்கிற சத்தம் வெளியே வரைக்கும் கேட்டது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. படம் பார்த்தோம் என்று வீட்டில் சொல்லிவிடு தங்கம் என்று அத்தை கன்னத்தைத் தடவினாள். நான் தலையை ஆட்டினேன். மனசுக்குள் அவளை மன்னிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தை படம் சொன்னாள். பத்து வரி விமர்சனத்தையும் ஆறேழு போட்டோவையும் வைத்துக்கொண்டு அவள் அன்று சொன்னதைப்போல ஒரு படத்தை நான் பிறகு எந்தத் தியேட்டரிலும் பார்த்ததில்லை. பங்களாவுக்குள் அடைபட்டவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள், யார் யாருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், கதவு திறக்கும்போதெல்லாம் எப்படி நிமிர்ந்து பார்த்தார்கள் என்று சொல்லிக்கொண்டே போனாள். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

முடிவில்தான் வந்தது வினை. போலீசும் கொள்ளைக்காரனும் வெளியே உட்கார்ந்து பேரம் பேசுகிறார்கள், உனக்குப் பாதி எனக்குப் பாதி என்று பிரித்துக்கொள்கிறார்கள், பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக எழுந்து வருகிறார்கள் என்றாள். ஒரு அண்ணன் இந்தப் பக்கம், அவன் தங்கச்சி அந்தப் பக்கம். தங்கச்சியை மலைக்கு அப்பால் ஓட்டிக்கொண்டு போகிறார்கள். அண்ணன் பார்த்துக்கொண்டே நிற்கிறான். அவ்வளவுதான் படம்.

யாருக்கும் பிடிக்கவில்லை. தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிற பக்கத்து வீட்டு மாமா கோபமாகவே எழுந்துவிட்டார்.

"இன்ஸ்பெக்டர் எதுக்கு வந்தான் அப்ப? இதெல்லாம் ஒரு படமா?"

படம் சரியில்லை என்று லயம் தீர்ப்பு எழுதப்போன அந்த நேரத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். பேப்பரில் அப்படிப் போடவில்லை, அத்தை படமே பார்க்கவில்லை, எல்லாம் நான் படித்துக் காட்டியது என்றேன். ஏமாந்த ஆத்திரம் பாதி, என் படிப்பு நாலு பேருக்குத் தெரியட்டும் என்ற ஆசை பாதி. இன்றைக்கும் அந்தச் சின்னப் பெண்ணின் வாயில் ஒன்று போடலாம்போல இருக்கிறது.

அப்பா எழுந்து வந்தார். எங்கே போனாய் என்று கேட்டார். அத்தை இடுப்பிலிருந்த காகிதத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"ஒங்க பேரு இருக்கு அண்ணே. எம் பேரு இல்லயாம்."

அப்பா அதைக் கையில் வாங்கவில்லை. கூட்டத்தில் பாதிப் பேர் வீட்டுத் தகரப்பெட்டியில் அதே மாதிரி காகிதம் இருந்தது. கடைசியில் பக்கத்து வீட்டுப் பெரியம்மாதான், சொல்லியிருந்தால் நாங்களே அந்தக் காசைக் கொடுத்திருப்போமே என்றாள். பாசத்தில் சொன்னாளா, குத்திக் காட்டினாளா என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொருவராக எழுந்து வீட்டுக்குள் போனார்கள்.

அடுத்த வாரம் லயத்துப் பயல்கள் நாலு பேர் போய் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, முதல்தரமான படம் என்றார்கள். இன்ஸ்பெக்டர் கூரையைப் பிய்த்துக்கொண்டு குதித்து அத்தனை பேரையும் மீட்டுவிட்டாராம். அதற்குப் பிறகு யாரும் அத்தையைப் படம் சொல்லச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. என்னை அவள் ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. வழக்கம்போல மடியில் போட்டுப் பேன் பார்த்தாள்.

அடுத்த வருஷம் அவள் இந்தியாவுக்குப் போகும்படி ஆயிற்று. அவள் பிறந்தது எங்கள் லயத்தின் மூன்றாவது காம்பராவில். நானுஓயா ஸ்டேஷனுக்கு எல்லோரும் போயிருந்தோம். அப்பா பிளாட்பாரத்தின் கோடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ரயில் வருவதற்கு முன்னால் அத்தை என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"அந்தப் படத்துல எல்லாரையும் மீட்டுட்டாங்கன்னு பயலுக சொன்னாங்களே, நெசமா?"

ஆமாம் என்றேன்.

"ஒருத்தரக்கூட விட்டுட்டு வரலயா?"

இல்லவே இல்லை என்றேன். இன்ஸ்பெக்டர் கடைசியாக ஒருமுறை உள்ளே போய், யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தாராம் என்று, பயல்கள் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். அத்தை என் தலைமயிரை ஒதுக்கிவிட்டாள்.

"அப்ப நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன் புள்ள" என்றாள்.

அவள் தன் தப்பை ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று அன்றைக்கு எனக்கு எவ்வளவு திருப்தியாக இருந்தது.