என் கணக்கை என் நம்பரிலேயே வைத்த பியூலா மேடம்

பியூலா மேடம் போய்விட்ட செய்தி என் போனுக்கு எழுத்தாக வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்றால் பக்கத்துக் கடையில் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருப்பேன். இப்போது நானே எழுத்துக் கூட்டி வாசித்தேன். ‘பியூலா மேடம்’ என்று நானே வாசித்துவிட்ட சந்தோஷத்தில் சிரிப்பு வந்தது. அடுத்த சொல் ‘மாரடைப்பால்’ என்று இருந்தது.

தென்காசியில் அவரிடம் வரிக் கணக்கு கொடுத்த வியாபாரிகள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். எனக்கு மெதுவாகத்தான் எழுத வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வரியெல்லாம் இணையத்துக்கு மாறிய சமயம், ஐந்தருவிப் பக்கம் இருக்கும் என் நேந்திரம் சிப்ஸ் கடைக்குக் கணக்குத் திறக்க அவரிடம் போனேன். அவரும் அப்போதுதான் அரசு இணையதளத்தில் வரி ஆலோசகராகப் பதிவு செய்திருந்தார். “நானும் உங்கள மாதிரி புதுசுதான் அண்ணாச்சி. ரெண்டு பேருமா தட்டுத்தடுமாறிப் படிப்போம்” என்றவர், என் போன் நம்பரைக் கேட்டார்.

“உங்க நம்பரையே போட்டுருங்க மேடம். எனக்கு எழுத்தே தெரியாது.”

“என் நம்பர்ல போட்டா கணக்கு என்னோடதாயிரும். கடை உங்களுக்கா, எனக்கா?”

“கடை எனக்கு. தொல்லை மட்டும் உங்களுக்கு இருக்கட்டும்.”

சிரித்தாரே தவிர, விடவில்லை. எல்லாக் கணக்கையும் தங்கள் நம்பரிலேயே வைத்துக்கொள்ளும் ஆலோசகர்கள் உண்டு. வேலை சுலபம். இவரோ மாதாமாதம் என்னைக் கூப்பிட்டு, என் போனுக்கு வந்த ஆறு எண்களை என் வாயால் சொல்ல வைப்பார். அருவி சீசன் கூட்டத்தில், கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி முன் நின்றபடி சொல்லியிருக்கிறேன். “பொறவு சொல்லுதேன்” என்றால், “சரி அண்ணாச்சி, அபராதம் எனக்கா வரப்போவுது?” என்பார்.

தாக்கல் முடிந்ததும் என்ன போட்டார் என்று குரல் பதிவில் சொல்லி அனுப்புவார். ஒரு நாள் அதையும் நிறுத்திவிட்டார். “இனிமே எழுதித்தான் அனுப்புவேன். கடை போர்டுக்குக் கீழ இருபது வருசமா உக்காந்திருக்கீங்க, மேல என்ன எழுதியிருக்குன்னு தெரியாம.”

ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பிறகு குத்துக்கல்வலசையில் பெரியவர்களுக்கு நடந்த எழுத்தறிவு வகுப்பில் போய் உட்கார்ந்தேன். அப்போது எனக்கு எழுபது வயது. யார் உதவியும் இல்லாமல் நான் முதலில் வாசித்தது அவர் அனுப்பிய இரண்டு வரிதான்: ‘இந்த மாதக் கணக்கு முடிந்தது. போன வாரம் வாங்கிய சிப்ஸில் உப்பு அதிகம்.’ உடனே கூப்பிட்டு உப்புக்காகச் சண்டை போட்டேன். “வாசிச்சிட்டீங்களா?” என்றுதான் கேட்டார்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது சுரண்டை பாத்திரக்கடை துரைப்பாண்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். “மேடத்தோட ஆபீஸைப் பூட்டிப் போட்டிருக்கு அண்ணாச்சி. கணக்கு போடாம விட்டா கடைப் பதிவே போயிருமே. என்ன செய்ய?” எனக்கும் அதே பயம். மறுநாள் இருவரும் வேறொரு ஆலோசகரிடம் போனோம்.

“கணக்கு யார் நம்பர்ல இருக்கு?” என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

“எங்க நம்பர்லதான்.”

“அப்ப ஒண்ணும் போகல. கணக்கைத் திறக்குற ஆறு எண் உங்க போனுக்குத்தானே வரும். உக்காருங்க.”

திரையில், என் ஆலோசகர் என்ற இடத்தில் மேடத்தின் பெயர் இருந்தது. அதை எடுத்துவிட்டுப் புதியவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான்தான் எடுக்க வேண்டும். விரல் போகவில்லை. கணக்குத் திறந்த அன்று அதே இடத்தைக் காட்டி அவர் சொன்னது ஞாபகம் வந்தது. “என்னைப் பிடிக்கலைன்னா இங்கன தட்டி எடுத்துருங்க. என்கிட்ட கேக்கவே வேண்டாம்.” தட்டினேன்.

புதியவர் கணக்கைத் தயார் செய்துவிட்டு, “போட்டுரட்டுமா?” என்றார்.

“என்ன போடுதீங்கன்னு தமிழ்ல ரெண்டு வரி எழுதிக் காட்டுங்க சார். வாசிச்சிட்டுச் சொல்லுதேன்.”

“அண்ணாச்சி வாசிச்சு முடிக்கதுக்குள்ள அடுத்த மாசம் வந்துரும்” என்றார் துரைப்பாண்டி.

ஆனாலும் இருவரும் காத்திருந்தார்கள். என் பெயரில் நடப்பதை நானே வாசித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற பிடிவாதம். மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். கடைசி எழுத்துவரை வாசித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. “போடுங்க” என்றேன்.