கஹவத்தை ஷோவில் பாடாமல் போன பாட்டு

கெஞ்சிக் கேட்கிறேன், இதை எங்க வீட்டு ஆட்கள் யாருக்கும் காட்டிடாதீங்க.

டியூஷன் என்று பொய் சொல்லிவிட்டு இன்று கஹவத்தை மைதானத்துக்கு மியூசிக்கல் ஷோ பார்க்கப் போனேன். தனியாகத்தான்.

அப்பா பிறப்பதற்கு முன்பே பாடத் தொடங்கிய சிங்கள பேண்ட். அவர்களுடைய பழைய கேசட்டில் ஒரே ஒரு தமிழ்ப் பாட்டு உண்டு. அதைக் கேட்கத்தான் போனேன்.

பைலா என்கிற சிங்கள ஆட்டப் பாட்டாகவே போய்க்கொண்டிருந்தது. ஒரு பாட்டு முடிந்ததும் சிங்களத்தில் கத்தினேன்: "அந்தத் தமிழ்ப் பாட்டைப் பாடுங்க!"

வயதான பாடகர் மைக்கில் தமிழிலேயே கேட்டார்.

"யாரும்மா அது? அதை யாருமே கேக்கிறதில்ல. கையைத் தூக்குங்க, உங்களுக்காகப் பாடுறோம்."

சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். "நங்கி, நீ தமிழா?" என்று, தங்கச்சியைக் கூப்பிடுவதுபோல, ஒருவர் சிங்களத்தில் கேட்டுச் சிரித்தார். வெளியில் போனால் தமிழில் வாய் திறக்காதே என்று அப்பா சொல்வது ஞாபகம் வந்தது. குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல இருந்தேன்.

பாடகர் கொஞ்ச நேரம் தேடினார்.

"போயிட்டாங்க போல."

மறுபடியும் பைலா. எல்லாரும் ஆடினார்கள்.

என்னைப் போலவே குனிந்துகொண்ட யாராவது அந்தக் கூட்டத்தில் இருந்தீங்களா? இருந்தால் சொல்லுங்க. அடுத்த தடவை ரெண்டு பேருமா சேர்ந்து கையை

யாரோ கதவைத் தட்டுறாங்க.