முனீராவின் கன்னாபின்னா பலகை

சிங்கப்பூரில், தன் செங்காங் வீட்டு வாசலில் செருப்பைக்கூட ஜோடி பிரியாமல் வைக்கிறவர் முனீரா. அவரைப் போய் ஒழுங்கு தெரியாதவர் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருமா, வராதா?

தஞ்சோங் பகாரில் எங்கள் அலுவலகம். செயற்கைக்கோளோடு பேசும் ஆன்டெனா பலகை செய்கிறோம். முனீரா அதை வடிவமைக்கிறார். நான் அளந்து பார்க்கிறேன். கதவளவு பலகையில் நூற்றுக்கணக்கான குட்டி ஆன்டெனாக்கள். எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுத்தால் பலகை தோசைக்கல்லாகக் கொதிக்கும். அதனால் பாதியை அணைத்துவிட்டு, மீதியை வைத்தே வேலையை முடிக்க வேண்டும்.

எந்தப் பாதி என்பதுதான் தலைவலி. முனீரா மாதக்கணக்கில் கம்ப்யூட்டரை ஓடவிட்டார். ஒன்றை அணைப்பார், இன்னொன்றை எழுப்புவார், திருப்தி இல்லாமல் மறுபடி கலைப்பார். கடைசியில் வந்த வரைபடம் அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது. ஆனால் பலகை அனுப்பும் அலைக்கதிர், நாங்கள் சொன்ன திசையில் மட்டும் போனது.

நோன்புப் பெருநாளுக்கு அவர் லீவில் போனதுதான் தாமதம், மேலாளர் தங்கராஜு பலகையைப் பார்க்க வந்துவிட்டார். வாடிக்கையாளர் வரப்போகிறாராம். இணைப்பு வேலை பார்க்கும் கீத்தைக் கூப்பிட்டார்.

“என்னப்பா இது, கோழி கிளறின மாதிரி இருக்கு? ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை கனெக்ட் பண்ணு. எண்ணிக்கை அதேதானே லா!”

கீத்தும் மாற்றிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் அளந்தபோது, கதிரை வலப்பக்கம் திருப்பினால் அதே பலத்தில் இடப்பக்கமும் ஒன்று கிளம்பியது.

தங்கராஜு உதட்டைப் பிதுக்கினார். “முனீரா டிசைன் வேலைக்கு ஆகாது. நாளைக்குப் போன வருஷப் பலகையையே காட்டிடுவோம்.”

இத்தனை மாத உழைப்பையும் மனிதர் குப்பையில் போட்டுவிட்டார். நான் முனீராவுக்குப் போன் அடித்தேன். உறவினர் வீட்டு விருந்திலிருந்து பெருநாள் உடுப்போடு வந்தவர், பலகையின் பின்பக்கத்தைப் பார்த்தார்.

“யாரு இத அடுக்கி வச்சது?”

கீத் தங்கராஜுவைப் பார்த்தார். தங்கராஜு சுவரைப் பார்த்தார். “பாக்க அழகா இருக்கட்டும்னுதான்மா...”

“பாஸ், இது என்ன ஹாலா, சோபாவ மாத்திப் போட? இடைவெளி ஒரே மாதிரி இருந்தா அலையெல்லாம் தப்பான பக்கமும் ஒண்ணு சேர்ந்துக்கும். கன்னாபின்னான்னு இருந்தாதான் சேராது. எத்தன தடவ சொல்றது?”

சட்டைக் கையை மடித்துக்கொண்டு கீத்தோடு உட்கார்ந்தார். ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றி, பழைய இடத்தில் பொருத்தினார்கள். நான் தேக்கா கடைத்தெருவிலிருந்து முர்தபா ரொட்டி வாங்கி வந்தேன், அது ஆறிப்போனது. மறுபடி அளந்தேன். ஒரே கதிர். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் வந்த வாடிக்கையாளர் செரினாவுக்கு முடிவுகள் பிடித்துப்போயின. “சூப்பரா இருக்கு. ஆனா பாக்கத்தான் கொஞ்சம் அலங்கோலம். வரிசையா வைக்க முடியாதா?”

முனீரா பதில் சொல்வதற்குள் தங்கராஜு முந்திக்கொண்டார்.

“முடியாது லா மேடம். இது என்ன ஹாலா, சோபாவ மாத்திப் போட? கன்னாபின்னான்னு இருந்தாதான் வேலை செய்யும். ஆரம்பத்துலேர்ந்து இவங்ககிட்ட நான் அதத்தான் சொல்லிட்டிருக்கேன்.”

நான் வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் முனீரா என் காலை ஓங்கி மிதித்தார்.

வெளியே வந்ததும் கேட்டேன், “ஏன் சும்மா இருந்தீங்க?”

“பலகை பொழச்சிருச்சு, லாசரஸ். அது போதும்.”

அவருக்குப் போதும். எனக்குக் கால் இன்னும் வலிக்கிறது.